சுரங்கத்துக்குள் துண்டு போட்டுப் பிடித்த இடம்

1

நேற்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சீனப் பெரியவர் நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்து, என் எதிரே இருந்த நாற்காலியைக் கண்ணால் காட்டி, யாராவது வருகிறார்களா என்று கேட்டார். நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. என் மகள் கயல்விழிக்காக நான் வைத்தது. ஆமாம், ஆள் வருகிறது என்று சொல்ல வேண்டியதுதான். பல வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். நேற்று அது வரவில்லை.

ஏன் வரவில்லை என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது மனசில் பாதி பயம், பாதி சந்தோஷம். நடந்ததை நேராகச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

இந்த ஊருக்கு வராதவர்களுக்கு ஒரு விஷயம். சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கூடத்தில் இடம் பிடிக்க ஆள் தேவையில்லை. நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்கலாம். யாரும் அதை நகர்த்த மாட்டார்கள். கோட்டு போட்ட மேனேஜர்கூட அந்தப் பாக்கெட்டுக்கு மரியாதை கொடுத்து வேறு மேசை தேடிப் போவார். கல்யாணமாகி வந்த முதல் வாரம் இதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடல் தாண்டி வந்தும் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு விடவில்லையே என்று!

ஸ்ரீமுஷ்ணம் போகிற பஸ் அந்த ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறப்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பா அதில் கெட்டிக்காரர். ஓடுகிற பஸ்ஸுக்குள் மூன்று பேர் சீட்டில் விரிந்து விழுகிற மாதிரி வீசுவார். ஒருமுறை அந்தத் துண்டின் மேலேயே ஒரு ஆள் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

"துண்டு போட்டிருக்குது, கண்ணு தெரியலயா?" என்றார் அப்பா.

"துண்டுக்கு டிக்கெட்டு எடுத்தியா?" என்றார் அந்த ஆள்.

பஸ் மொத்தமும் சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. சேத்தியாத்தோப்பு ரோடு திரும்பும் வரை நாங்கள் நின்றுகொண்டே போனோம். அந்தக் கேள்வி இத்தனை வருடம் கழித்து, தரைக்கு அடியில், வியர்வையும் புகையுமாக நிற்கும்போது என் நினைவுக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்?

2

என் வேலை என்ன என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டுகிற சுரங்கப் பாதைகளில் பாதுகாப்பு ஏற்பாடுகள் சரியாக நடக்கின்றனவா என்று மதிப்பிடுவது. தோண்டுகிற கம்பெனியின் ஆள் இல்லை நான். வெளியிலிருந்து சொல்லாமல் போய் நின்று, பார்த்து, மதிப்பெண் போடுகிறவள்.

செராமிக் டிப்ளமோ படித்தவள் சுரங்கத்துக்குள் எப்படிப் போனாள் என்றால், நான் முதலில் பார்த்த சுரங்கமே நம் ஊர்ச் சூளைதான். பயிற்சிக்குப் போன பட்டறையில் நீளமான செங்கல் குகை மாதிரி ஒரு சூளை இருந்தது. ஒரு முனையில் பச்சை மண் பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும் அடுக்கிய வண்டி உள்ளே போகும். மறு முனையில் வெந்து வெளியே வரும். நடுவில் சுவரில் ஒரு சின்னப் பார்வைத் துளை. அதில் கண்ணை வைத்தால் உள்ளே எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் அசையாமல் நிற்கும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பேன். உள்ளே நடப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்கிற அந்த ஆசைதான் இங்கே வந்து பாதுகாப்புப் படிப்பு படிக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றே ஒன்று. எந்தத் தளத்துக்குப் போனாலும் காகிதங்கள் நன்றாக இருக்கும். பயிற்சி கொடுத்தாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று, கருவிகளுக்குச் சான்றிதழ் இருக்கிறது. காகிதத்தில் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. அபாய மணி அடித்தவுடன் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நின்று பார்த்தால்தான் மதிப்பீடு.

இப்படி வேலை பார்க்கிற ஒருத்தி எப்படிப்பட்ட அம்மாவாக இருப்பாள்? கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் பெண்ணின் புடவையைப் பார்க்க மாட்டேன், வெளியேறும் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். கயல் குழந்தையாக இருந்தபோது ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவளை உட்கார வைப்பேன். அவள் கட்டுமானப் பொறியியல் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. வேலை கிடைத்ததும் முதல் கேள்வி கேட்டேன்.

"கீழே இறங்கற வேலையா?"

"ஆபீஸ்தான்மா. கம்ப்யூட்டர்ல படம் போடணும்."

நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு அவள் வேலைக்குப் பக்கம் என்று சிநேகிதிகளோடு அறை எடுத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். சாப்பிட்டியா என்றால் ம் என்பாள். வேலை எப்படி என்றால் ஓக்கே என்பாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள்தான், வாயைத் திறக்கத்தான் மாட்டாள். புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைகள் கோபித்துக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு வாக்கியமாகக் குறைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

3

சில நாளுக்கு முன்னால் ஒருநாள் போன தளத்தின் பெயர் வேண்டாம். என்னோடு வேலை பார்க்கும் லிம் என்பவரும் நானும் காலையில் போய் நின்று, இன்றைக்குத் தீ ஒத்திகை நடத்துங்கள் என்றோம். முன்கூட்டிச் சொல்லாததால் மேலாளருக்கு முகம் மாறியது. மாறத்தான் வேண்டும்.

லிம் மேலே, சுரங்கத்துக்கு இறங்கும் குழியின் வாயிலேயே நின்றுகொண்டார். அங்கே ஒரு பலகை உண்டு. இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பெயர் அட்டையை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையைப் பார்த்தால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியும். அன்று பன்னிரண்டு அட்டைகள் தொங்கின; எண்ணினேன், பெயர்களைப் படிக்கவில்லை. எங்களைப் போன்ற பார்வையாளர்களுக்கு வேறு நிற அட்டை, அந்தக் கணக்கில் சேராது.

நான் கீழே போனேன். லிஃப்ட் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். ஈரக் களிமண்! இயந்திரம் குடைந்த மண் குழைந்து குழைந்து பெல்ட்டில் வெளியே போய்க்கொண்டிருந்தது. பட்டறையில் மண் பிசைகிற கொட்டகைக்குள் நுழைந்தால் வருமே, அதே வாசனை. இத்தனை வருடத்தில் எத்தனையோ சுரங்கம் இறங்கியிருக்கிறேன், இப்படி வந்ததில்லை. மனசு காலேஜ் பெண் மாதிரி துள்ளியது.

இயந்திரத்தின் முன் முனை வரைக்கும் நடந்தேன். அங்கே ஒரே ஒரு ஆள் குழாய் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழாக்கா?" என்றார்.

"ஆமாம். விருத்தாசலம்."

குழாயைக் கீழே போட்டுவிட்டார். "அட! நான் பெண்ணாடங்க்கா! செல்வம்."

"ஷுகர் மில் பக்கமா?"

"மில்லுக்குப் பின்னாலதாங்க்கா வூடு. கரும்பு டிராக்டரு போனா எங்கூட்டு ஜன்னலு ஆடும். இங்க வந்து இந்த மிஷினு ஆட்டத்துல படுத்தாக்கூட தூக்கம் வந்துடுது, பழக்கம்." சிரித்தார். "நீங்க இன்னாக்கா, ஆபீசரா?"

"செல்வம், நான் இங்கே இருக்கிறதா நினைக்காதீங்க. மணி அடிச்சா நீங்க எப்பவும் செய்யறதைச் செய்யுங்க."

அவர் பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியதுதான் அன்றைய என் முதல் தவறு.

மணி அடித்தது. ஒத்திகைக்கான புகை, பால் வெள்ளையாக, லேசான இனிப்பு வாசனையோடு, பின்னாலிருந்து உருண்டு வந்தது. தீ பிடித்தால் குழி வாய் வரைக்கும் ஓட முடியாது, தூரம் அதிகம். அதற்காக இயந்திரத்தின் பின்பகுதியிலேயே ஒரு இரும்பு அறை வைத்திருப்பார்கள். அடைக்கல அறை என்று சொல்லலாம். ஆட்கள் அதை சேம்பர் என்பார்கள். உள்ளே போய்க் கதவை இறுக்கினால் புகை வராது, சிலிண்டரில் காற்று உண்டு, மேலே பேசப் போன் உண்டு. எல்லோரும் வந்தார்களா என்று எண்ணி மேலே சொல்ல வேண்டியது அந்த ஷிஃப்டின் இன்ஜினியர்.

செல்வம் ஓட வேண்டும். ஓடவில்லை. இரும்பு ஏணிப்படி முன்னால் ஒதுங்கி நின்றார்.

"நீங்க முன்னாடி போங்க்கா."

"நான் கணக்கிலேயே இல்லை. நீங்க போங்க!"

"அதெப்டிக்கா? நம்மூரு பொம்பளய வுட்டுட்டு நான் முன்னாடி ஓடுனேன்னா, எங்கூட்டுல சோறு போடுவாங்களா? பையக் குடுங்க. படி வழுக்கும், பாத்து."

என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். ஆனால் ஊர்ப் பேச்சில் ஒருத்தர் அக்கா என்று கூப்பிட்டுப் பையை வாங்கிக்கொள்ளும்போது, எதைச் சொல்லி மறுப்பது? நான் முன்னால் இறங்கினேன். என் வயதும் என் முழங்காலும் எவ்வளவு மெதுவோ அவ்வளவு மெதுவாக, செல்வம் என் பின்னால் வந்தார்.

சேம்பருக்கு வந்தபோது கதவு மூடியிருந்தது. மேலே பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் உள்ளே, கதவு இறுகியாயிற்று என்று அதற்கு அர்த்தம்.

4

கதவில் கையகலத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. கண்ணை வைத்தேன். பழக்கம்தானே.

உள்ளே ஆரஞ்சு நிற அவசர விளக்கு. இரண்டு வரிசையாக ஆட்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வரிசையின் கடைசியில் ஆள் இல்லை. சிவப்புக் கோடு போட்ட ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில். கதவை ஒட்டி வெள்ளைத் தொப்பி போட்ட இன்ஜினியர், முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அதே குரல் செல்வத்தின் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியிலும் கேட்டது. எல்லோரும் உள்ளே, பன்னிரண்டு பேர், என்று ஆங்கிலத்தில்.

பெண் குரல். எனக்குத் தெரிந்த குரல்.

அவள் திரும்பினாள். கயல்.

ஒரு நொடி என் மூளை அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. யாரோ என் மகள் ஜாடையில் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் தோளுக்குப் பின்னால் செல்வத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, அந்தத் துண்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த இரத்தம் இறங்குவதை அந்த ஆரஞ்சு வெளிச்சத்திலும் என்னால் பார்க்க முடிந்தது.

அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. நான் வேண்டாம் என்று கையை உயர்த்தினேன். உண்மையான தீ என்றால் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் புகை. அது ஒத்திகை விதி. மதிப்பிடுகிறவள் விதியைக் காப்பாற்ற வேண்டும். அதனால் மகள் உள்ளேயும் நான் வெளியேயுமாக, உள்ளங்கை அகலக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் நின்றோம். அவளுக்குக் கதவைத் திறக்கத் துடிப்பு. எனக்கு அதை உடைத்துக்கொண்டு உள்ளே போய் அவளை வெளியே இழுத்துக்கொண்டு, அப்படியே வீட்டுக்குப் போய்விடத் துடிப்பு. இரண்டு பேரும் அசையவில்லை.

பக்கத்தில் செல்வம் முதலில் சிரித்தார். "மாப்ள எனக்கு சீட்டு புடிச்சி வெச்சிருக்கான் பாருங்க்கா, துண்டப் போட்டு." அப்புறம் புகை இடுப்புக்கு மேலே ஏறியது. சிரிப்பு நின்றது.

"அக்கா, நெஜத் தீயா இருந்தா..." என்றார். முடிக்கவில்லை. என் பையைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் மேலே என்ன நடந்தது என்று லிம் பிறகு சொன்னார். பலகையில் பன்னிரண்டு அட்டை. போனில் வந்த எண்ணிக்கை பன்னிரண்டு. இரண்டும் பொருந்தியதால், முழு மதிப்பெண் எழுதப் பேனாவை எடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. நான் தற்செயலாகச் செல்வத்தோடு வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால், இந்த வருடம் நாங்கள் பார்த்த ஒத்திகைகளிலேயே இதுதான் சிறந்தது என்று அறிக்கை போயிருக்கும்.

5

மணி நின்றது. கதவு திறந்தது. செல்வம் நேராக உள்ளே போய்த் துண்டை உருவிக் கையில் எடுத்தார்.

"டேய் ராஜா! துண்டுக்கு மூச்சு முட்டுமாடா? எனக்குல்லடா முட்டும்!"

ராஜா என்பவர் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், செல்வத்தோடு ஒரே அறையில் தங்குகிறவர். எழுந்து நின்று தலையைச் சொறிந்தார். "நீ பின்னாலயே வரேன்னு நெனச்சேன் மாமா. கதவாண்ட எடம் போயிட்டா உள்ள நசுங்கிப் போவியேன்னுதான்..."

"அதுக்கு மேடத்துக்கிட்ட இன்னாடா சொன்ன?"

"அவங்க இது யாருதுன்னு கேட்டாங்க. செல்வத்துதுன்னேன். தூரத்துல உன் டார்ச்சு வெளிச்சமும் தெரிஞ்சுது."

"அது அக்கா டார்ச்சுடா!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன், தொப்பி நிழலில் யாருக்கும் தெரியவில்லை. கயல் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, எல்லோர் முன்னாலும், "அம்மா" என்றாள்.

சிரிப்பு பொசுக்கென்று நின்றது. ராஜா செல்வத்தைப் பார்த்தார். செல்வம் என் பையைப் பார்த்தார்.

மதிப்பிடுகிறவரும் மதிப்பிடப்படுகிறவரும் உறவாக இருக்கக் கூடாது. அதைச் சரிபார்க்க எங்கள் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் முறையே உண்டு. குடும்பப் பெயர்கள் பொருந்துகின்றனவா என்று அது தேடும். லிம்முக்கு நாற்பது லிம் உறவினர்கள் இருப்பதாக அது அடிக்கடி சத்தம் போடும். ஆனால் நமக்குக் குடும்பப் பெயர் ஏது? என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். கயல் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நாங்கள் யாரோ யாரோ. உறவை அறிவிக்கும் படிவத்தை அங்கேயே நின்று நிரப்பினேன். "இந்த உறவு உங்கள் தீர்ப்பைப் பாதிக்கக்கூடியதா?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்பதற்குக் காகிதம் கிழியும் அளவுக்கு ஒரு கோடு போட்டேன். மதிப்பீடு லிம் கைக்குப் போனது. நான் வெறும் சாட்சி.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் கிடைத்தது. கணவரைப் போனில் பிடித்தேன்.

"கயல் சுரங்கத்துல வேலை பார்க்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"மதியம் சாப்பாட்டுக்கு வர்றியா?" என்றார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

வாசலில் கயல் நின்றிருந்தாள். "சொன்னா நீ தூங்க மாட்டேம்மா" என்றாள்.

"ஆபீஸ்னு சொன்னியே?"

"முதல்ல ஆபீஸ்தான். நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பேப்பர்ல கோடு போட்டுட்டு, அது நிஜமா ஆகறதைப் பார்க்காம இருக்க முடியலம்மா."

உள்ளே நடப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை. அது யார் வீட்டுச் சொத்து என்று எனக்குத் தெரியாதா?

6

கூட்டத்தில் என் முன்னால் ஒரு வாய்ப்பு இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். சாட்சி என்ற முறையில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பொறுப்பு இன்ஜினியர் ஆளைப் பார்க்காமல் எண்ணிவிட்டார். அது பொய்யே இல்லை. அப்படி ஒரு வாக்கியத்துக்கு அவளை மறுநாளே ஆபீசுக்குத் திருப்பி அனுப்புவார்கள். குளிர்சாதன அறை, சுழல் நாற்காலி, என் தூக்கம். எல்லாம் ஒரே வாக்கியத்தில். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

யாரும் கேட்பதற்கு முன்னால் கயல் எழுந்தாள்.

"நான் ஒரு துண்டை ஆளாக எண்ணிவிட்டேன்" என்றாள் ஆங்கிலத்தில். "இருட்டு காரணமில்லை. துண்டு நன்றாகத் தெரிந்தது. இடம் பிடித்து வைத்திருந்தால் ஆள் வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும் ஊரில் வளர்ந்தவள் நான். டிஷ்யூ பாக்கெட்டைப் பார்த்தால் நாம் எல்லோரும் வேறு மேசைக்குப் போய்விடுவோம் இல்லையா? அதையேதான் செய்தேன்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிம் மெதுவாகத் தலையாட்டினார். அந்த அறையில் டிஷ்யூ பாக்கெட் வைக்காதவர் ஒருவர்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்த ஒற்றை வாக்கியத்தை நான் எப்படிச் சொல்வது? என் முறை வந்தபோது முழுசையும் சொன்னேன். செல்வம் தாமதமானது என்னால் என்றேன். ஊர்ப் பெண்ணை விட்டுவிட்டு முன்னால் ஓடக்கூடாது என்று அவர் நின்றார். நண்பனுக்கு இடம் போய்விடக்கூடாது என்று ராஜா துண்டு போட்டார். இன்னொருத்தர் பிடித்த இடத்தை மதிக்க வேண்டும் என்று என் மகள் அதை எண்ணினாள். மூன்று பேரும் நல்லதைத்தான் செய்தார்கள். மூன்று நல்லதும் சேர்ந்து ஒரு மனிதனைப் புகைக்குள் நிறுத்திவிட்டது. அறிக்கையில் இதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

லிம் குறைந்த மதிப்பெண்தான் போட்டார். சரியான மதிப்பெண். எண்ணும் முறையை மாற்றி, மறுபடி ஒத்திகை நடத்திக் காட்டும் வரை இயந்திரம் ஓடக்கூடாது என்றார். அந்த முறையை யார் வகுப்பது என்ற கேள்வி வந்தபோது மேலாளர் கயலைப் பார்த்தார். அவளை நீக்கவில்லை. அவளிடமே கொடுத்தார்.

வெளியே வந்தால் அவள் ஆட்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"ராஜாண்ணே, இனிமே ஒருத்தருக்காக ஒருத்தரு பதில் சொல்லக் கூடாது. நான் தோளத் தொடுவேன். தொட்டா அவங்கவங்க பேர அவங்கவங்க சொல்லணும். தொட முடியலன்னா ஆளு இல்ல. இன்னாண்ணே, புரியுதா?"

"புரியுது மேடம். அப்ப துண்டு?"

செல்வம் முந்திக்கொண்டார். "கதவுக்கு வெளிய ஒரு கொக்கி அடிச்சிடலாம் மேடம். துண்டு வெளிய, ஆளு உள்ள. துண்டு எரிஞ்சாப் போவுது, வேற வாங்கிக்கலாம்."

"சூப்பர்ண்ணே! மொதல்ல உங்க துண்டத்தான் மாட்டுவேன்."

இன்னாண்ணே! என் வீட்டில் வாயைத் திறக்காத பெண், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி பேசுகிறாள்! எனக்குச் சிரிப்பதா, போய்க் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. பிறகு கேட்டேன்.

"இந்தத் தமிழ் எப்ப வந்துச்சு?"

"இவங்ககிட்டதான். நாள் பூரா இவங்களோடதானே இருக்கேன்."

"வீட்டில ஏன் பேச மாட்டேங்கிற?"

"வீட்டில பேசினா நீ திருத்துவியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரி சொன்னாள். என் வேலையே குறை கண்டுபிடிப்பது. வீட்டுக்குள் நுழையும்போது அதைச் செருப்போடு கழற்றி வைக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

7

நேற்று அந்த மறு ஒத்திகை. தளத்துக்குள் நுழைய எனக்கு அனுமதியில்லை. உறவு என்று எழுதிக்கொடுத்துவிட்டேன் அல்லவா? பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்தேன். கை தானாக வைத்துவிட்டது. முடிந்ததும் வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போன் பண்ணினால் எடுக்கவில்லை. தரைக்கு அடியில் போன் எடுக்காது என்று தெரிந்தும் மறுபடி மறுபடி பண்ணினேன்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் நூடுல்ஸோடு வந்து கேட்டார்.

ஆள் வருகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாக்கெட்டைப் பார்க்கப் பார்க்க, அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் விரித்துக் கிடந்த துண்டுதான் தெரிந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, காலிதான், உட்காருங்கள் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு எதிரே முதல் தடவையாக ஒரு உண்மையான ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது.

கேட்க வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். எத்தனை மாதம் இன்னும் கீழே? எப்போது ஆபீசுக்குத் திரும்புவாய்? ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எனக்குச் செய்தி அனுப்புவாயா?

பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது. காய்ந்த களிமண் ஒட்டிய கை. சட்டையில் அச்சு பதிகிற மாதிரி அழுத்தமாக.

"பேரு சொல்லுங்க்கா" என்றது குரல், சுத்தமான நம்மூர்த் தமிழில்.

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளை வகுப்பில் எழுந்து சொல்வதுபோல், "மங்கையர்க்கரசி" என்றேன். நூடுல்ஸ் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தினி பேரும் பேரு சொல்லிட்டாங்கம்மா. ராஜாண்ணன் ரெண்டு தடவ சொன்னாரு, பயத்துல. செல்வண்ணன் துண்டு வெளிய கொக்கில தொங்குது. ஒத்திகை பாஸ்."

நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு, மூக்கில் மண், கண் இரண்டும் பளபளவென்று. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே இருந்தாள். வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளை அப்படியே விட்டுவிட்டேன். எழுந்து, என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அவள் தோளைத் தொட்டேன்.

"நீ?"

"கயல்விழி" என்றாள்.

கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.